ரப்பர் தோட்டாவும் தூரக் கணக்கும்

காட்டுப்பன்றிகளை விரட்ட 12 போர் (துப்பாக்கிக் குழலின் அளவு) ரப்பர் தோட்டா வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்கிறார். துப்பாக்கி உரிமமும் விலங்குகளை விரட்டுவதற்கான அனுமதியும் கையில் வைத்திருப்பவர் என்பதால் அந்தப் பாடத்தை விட்டுவிடுகிறேன். பல பருவங்களாக இதைப் பயன்படுத்தி வருகிறேன். எனக்கு இதன்மேல் தீராத எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: தூரம்.

பெட்டியின்மேல் இரண்டு எண்கள் அச்சடித்திருப்பார்கள். முதல் எண்ணைவிட நெருக்கத்தில் விலங்கு நின்றால் சுடக்கூடாது. தோல் கிழியும், எலும்பு முறியும், தலையிலோ வயிற்றிலோ பட்டால் உயிரே போகலாம். இரண்டாவது எண்ணைத் தாண்டி நின்றால் சுட்டும் பயனில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சிறிய பட்டையில், பின்தொடையை நமக்குக் காட்டியபடி, பன்றி வந்து நின்று அருள வேண்டும். அதுவும் நடு இரவில்! டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்கள் மின்னும்போது அது பெரிய பன்றியா, பாதி வளர்ந்த குட்டியா என்றே தெரிவதில்லை. தூரத்தை எங்கே கணிப்பது? லேசர் தூரமானியும் வாங்கியாயிற்று. அதைக் கண்ணிலிருந்து எடுத்துத் துப்பாக்கியைத் தோளில் வைப்பதற்குள் பன்றி இடம் மாறிவிடுகிறது. கடைசியில் கைகொடுத்தவை, பகலில் அளந்து நட்டு வெள்ளையடித்து வைத்த முளைக்குச்சிகள்தான்.

நியாயமாகப் பார்த்தால் இதில் தயாரிப்பாளரைத் திட்டிப் பயனில்லை. 12 போர் என்றாலே, குழலின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்று கணக்கு. அப்படியானால் ஓர் உருண்டை ஏறத்தாழ 38 கிராம். அதே அளவில் சாதாரண ரப்பர் உருண்டை 4 கிராமைத் தொட்டாலே அதிகம். எடை இல்லாத பொருளின் வேகத்தைக் காற்று சீக்கிரமே தின்றுவிடுகிறது. அருகில் கொடூரமாக இருப்பது, கொஞ்சம் தள்ளிப் போனதும் சாதுவாகிவிடுகிறது. உதைப்பும் குறைவு என்பதால் அரைத் தானியங்கித் துப்பாக்கியில் சுட்ட தோட்டாவின் வெற்றுறை பெரும்பாலும் தானாக வெளியே வராது. முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் ஆக்ஷன்தான் சரி. சுடும்போது ஓசை வழக்கத்தைவிட மெலிந்து கேட்டால் உடனே நிறுத்தித் துப்பாக்கியைக் காலி செய்து குழலைப் பாருங்கள். தோட்டாவுக்குள் மருந்துக்கு மேல் வைத்திருக்கும் தக்கை குழலில் சிக்கியிருக்கும்போது அடுத்ததைச் சுட்டால் குழலே பிளக்கலாம். ஈயத் தோட்டாவை இதோடு ஒரே பையில் போடுவதோ, சொல்லவே வேண்டாம்.

இனி மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டும். பம்பை இழுத்துத் தள்ளும்போது எழும் அந்த 'கடக் கடக்' ஓசை! பன்றிக்குப் பார்வை மந்தம், செவி கூர்மை. அடி வாங்கிய கூட்டம் அந்த ஓசையை மறப்பதே இல்லை. சில இரவுகளில் தோட்டா எதுவும் செலவாகாமலேயே வயல் காலியாகிவிடுகிறது. இந்தப் பொருளைக் கண்டுபிடித்தவருக்கு மாலை போடலாம் என்று அப்போது தோன்றும்.

ஆனால் அவை வீட்டுக்குப் போவதில்லை. கடைசி முளைக்குச்சிக்குச் சற்று அப்பால் நின்று, கடன்காரரைப் போலக் காத்திருக்கின்றன. நான் அளந்து நட்ட தூரத்தை என்னைவிட நன்றாகப் படித்துவிட்டன. வளர்ந்த ஆண் பன்றிகளுக்குத் தோள்புறத்தில் கேடயம்போல் தடித்த தோல் வேறு. அங்கே பட்டால் திரும்பிப் பார்ப்பதோடு சரி. அமெரிக்காவின் நெவாடாவில், குடியிருப்புகளுக்குள் வந்து பழகிய கருங்கரடிகளிடம் ரப்பர் ரவை, மிளகுத் தெளிப்பு, நாய் என்று பலவற்றை முயன்ற ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. பத்தில் ஒன்பது கரடிகளுக்கு மேல் திரும்பி வந்துவிட்டன. தீனி அங்கேயே இருக்கும்வரை வலி ஒரு தாமதம் மட்டும்தான்.

பறந்துபோய்ப் பட்டாசுபோல் வெடிக்கும் பட்டாசுத் தோட்டாவையும் பார்த்துவிட்டேன். பறவைகளுக்குச் சரி. காய்ந்த புல் இருக்கும் இடத்தில் அதை எடுக்கவே கூடாது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். அந்தப் பணத்தில், விட்டுவிட்டு மின்னதிர்ச்சி தரும் துடிப்பு மின்வேலி போடுங்கள், கீழ்க்கம்பி பன்றியின் மூக்கு உயரத்தில் இருக்கட்டும், கம்பியில் களை படராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மட்டும் அடுத்த பருவத்துக்கு இரண்டு பெட்டி சொல்லி வைத்திருக்கிறேன். ஓசைக்குத்தானே பயப்படுகின்றன, வெறும் துப்பாக்கியின் பம்பை இழுத்தால் போதாதா என்று கேட்காதீர்கள். இழுத்துப் பார்த்தாயிற்று. இடையிடையே ஒன்றாவது தொடையில் பட்டால்தான் அந்த ஓசைக்கு மதிப்பு.