விடுதியா, ஊர் மைதானமா?

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டுப் பக்கம் கால்பந்து ஆடும் பெண் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வாக்கில் இரண்டு வழி தெரியும். ஒன்று, வெளி மாவட்டத்து அரசு விளையாட்டு விடுதி. இன்னொன்று, ஊரிலேயே இருந்து பள்ளி அணியில் ஆடுவது.

விடுதியில் சாப்பாடு, தங்குமிடம், பயிற்சியாளர் எல்லாம் உண்டு. காலை, மாலை என்று ஒழுங்காகப் பயிற்சி நடக்கும். ஆட்டத் திறமை பார்க்கும் தேர்வில் ஜெயித்தால்தான் இடம்.

ஊரில் அப்படியில்லை. மைதானம் பையன்களின் கிரிக்கெட்டுக்குப் போய்விடும். பதினோரு பேர் சேர்வதே பெரும்பாடு. பயிற்சி முடிந்து கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆனால் அம்மா கண்ணெதிரில் பிள்ளை இருக்கிறாள்; அனுப்பப் பயப்படும் வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

இருந்தாலும் நான் விடுதியைத்தான் சொல்வேன். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் குழந்தைத் திருமணம் இன்னும் ஓயவில்லை. பத்தாவது முடிந்ததும் மாப்பிள்ளை பேச்சு எடுக்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். விடுதிக்குப் போன பிள்ளைக்குப் பன்னிரண்டாவது வரை படிப்பு நிற்காது.

வீட்டில் "பந்து சோறு போடுமா?" என்று கேட்டால், கடலூர் இந்துமதி கதிரேசனைச் சொல்லுங்கள். இந்தியாவுக்கு ஆடியவர், காவல்துறையில் உதவி ஆய்வாளர். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசியச் சாம்பியன்கள். மதுரையின் சேது எஃப்சி என்ற கால்பந்து அணி 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது.

சரி, விடுதியில் இடம் கிடைக்கவில்லையா? ஊர் மைதானத்தை விட்டுவிட வேண்டாம். அடுத்த வருடத் தேர்வுக்கு அங்கேதான் கால் பழக வேண்டும்.