ஜெனீவாவா, வெளிநாட்டு நீதிமன்றமா, தடைப்பட்டியலா?

2000 டிசம்பரில் யாழ்ப்பாணத்து மிருசுவிலில், போரால் விட்டுவிட்டுப் போன வீடு வளவைப் பார்க்க வந்த எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். சிறுவர்களும் அதில் இருந்தார்கள். ஒருவர் தப்பி வந்ததால் வழக்கு நின்றது. இராணுவ சார்ஜன்ட் ஒருவருக்கு 2015இல் மரண தண்டனை, 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தார். இலங்கையில் கடைசிப் படிவரை ஏறி வென்ற வழக்கின் கதியே இதுதான். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவோடு தவணை தவணையாக அலைகிறவர்கள் வெளியே எந்தக் கதவைத் தட்டுவது?

எல்லோரும் முதலில் கேட்பது ஹேக், அதாவது அங்கே இருக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். அதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பிவைக்க வேண்டும், அங்கே வீட்டோ இருக்கிறது. ஒரு குடும்பம் நேரே போய் அங்கே வழக்குப் போடவும் முடியாது.

ஜெனீவா என்றால் நம் ஆட்கள் இரண்டைக் குழப்பிக்கொள்கிறார்கள். மார்ச்சிலும் செப்டெம்பரிலும் செய்தியில் அடிபடுவது ஐ.நா. மனித உரிமைகள் பேரவை, 47 நாடுகள் வாக்களிக்கும் அரசியல் மன்றம். தனி மனிதரின் முறைப்பாட்டை எடுப்பது மனித உரிமைகள் குழு. அதில் 18 நிபுணர்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. ஆனால் உள்நாட்டு வழிகளை முடித்துவிட்டு வா என்பார்கள், அல்லது அவை அளவுக்கு மீறி இழுபடுகின்றன என்று காட்ட வேண்டும்.

இதன் பலமும் பலவீனமும் சிங்கராசா வழக்கிலேயே தெரியும். 1993இல் கைதான தமிழர். சிங்களத்தில் தட்டச்சான ஒரு வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வாங்கினார்கள். அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அந்தத் தாளை வைத்து 50 வருடச் சிறை, மேன்முறையீட்டில் 35. 2004இல் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: விடுவியுங்கள், அல்லது மறுவிசாரணை நடத்துங்கள், இழப்பீடும் கொடுங்கள். அந்த முடிவோடு கொழும்புக்கு வந்தால், 2006இல் உயர் நீதிமன்றம் வேறு கதை சொன்னது. இப்படி முறைப்பாடு செய்ய வழிவிட்ட நெறிமுறையில் 1997இல் ஜனாதிபதி சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றது. சர்வதேசத்திடம் கையெழுத்துப் போட்டது நாடு, அது செல்லாது என்றதும் அதே நாடுதான்! இலங்கை இன்றுவரை அந்த நெறிமுறையிலிருந்து விலகவில்லை. குழு இப்போதும் முறைப்பாடுகளை எடுக்கிறது.

சரி, வெளிநாட்டு நீதிமன்றம்? வேறெங்கோ நடந்த கொடுமையை ஒரு நாடு தன் நீதிமன்றத்தில் விசாரிப்பது. கையில் விலங்கு மாட்டக்கூடிய வழி இது ஒன்றுதான். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் 2022 ஜனவரியில் சிரிய உளவுப்பிரிவின் முன்னாள் கேணல் ஒருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அகதியாக வந்தவரை, பெர்லினில் அகதியாக இருந்த இன்னொரு சிரியர் அடையாளம் கண்டார். அந்தக் கேணல் அதே மண்ணில் இருந்ததுதான் விஷயம். நம் கதையில் அது வாய்க்கவில்லை. 2011இல் நியூயோர்க்கில், இறுதிப் போரில் படைப்பிரிவு ஒன்றை நடத்திய சவேந்திர சில்வாவுக்கு எதிராகப் போட்ட சிவில் வழக்கு இராஜதந்திர விலக்குரிமையால் தள்ளுபடியானது. 2017இல் பிரேசிலில் தூதுவராக இருந்த முன்னாள் இராணுவத் தளபதி ஜகத் ஜயசூரியவுக்கு எதிராக முறைப்பாடு போனது, அதற்குள் அவர் நாடு திரும்பிவிட்டார். குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். சித்திரவதைக்குத் தப்பி ஐரோப்பாவில் இருப்பவருக்கு இந்த வழி பொருந்தும். கிளிநொச்சியில் இருக்கும் தாய்க்கு எட்டாது.

குற்றம்சாட்டப்பட்டவர்களுக்கு ஒரு நாடு நுழைவுத் தடை போன்றவற்றைப் போடும் தடைப்பட்டியல் வேகமானது. அமெரிக்கா 2020இல் சவேந்திர சில்வாவுக்கு நுழைவுத் தடை போட்டது, பிரித்தானியா 2025 மார்ச்சில் நான்கு பேருக்கு. கனடா 2023இல் வெளியிட்ட பட்டியலில் ராஜபக்ச சகோதரர் இருவரோடு, மன்னிப்புப் பெற்ற அந்த மிருசுவில் சார்ஜன்டும் இருக்கிறார். படித்தபோது எனக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது. ஆனால் தடைப்பட்டியல் யாரையும் கூண்டில் ஏற்றாது, 'என் பிள்ளை எங்கே' என்று எவரையும் கேட்காது.

ஊரில் இருக்கும் குடும்பம் என்றால் நான் ஜெனீவாவின் பக்கம்தான், அதுவும் வேறொரு வாசலில் தொடங்கி. வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய ஐ.நா. செயற்குழுவுக்கு உள்நாட்டு வழிகளை முடித்திருக்க வேண்டியதில்லை. படிவத்தை நிரப்பி அனுப்பினால் அரசிடம் கேள்வி போகும். யார் குற்றவாளி என்று அது சொல்லாது. ஆட்கொணர்வு மனுவில் முடிவு வந்தபின் மனித உரிமைகள் குழுவுக்குப் போகலாம். அந்த முடிவின் தேதியைக் குறித்துவையுங்கள், ஐந்து வருடம் தாண்டினால் தாமதம் என்று தள்ள இடமுண்டு. அப்புறம், 2021இன் பேரவைத் தீர்மானத்தால் ஜெனீவாவில் ஆதாரம் சேர்க்கும் பிரிவு ஒன்று இயங்குகிறது. அங்கே போகும் வாக்குமூலம் நாளை வேறொரு நாட்டு வழக்குத்தொடுநருக்கும் உதவும்.

எந்த வாசலானாலும் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுதான்: கடைசியாகப் பார்த்த இடம், நாள், காவலரணில் நின்ற படைப்பிரிவு, பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு. பதினைந்து வருடமாகக் கைப்பையில் மடித்துவைத்த துண்டில் எழுத்து மங்கிப்போயிருக்கும். முதலில் அதைப் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.