வளையாத பந்தோடு மூன்று வருடம்

பத்துப் பின்களைப் பந்தால் விழத்தட்டும் டென்பின் போலிங்கில் என் சராசரி பல வருடமாக 130-ஐத் தாண்டவில்லை. ஒருநாள் 178 வரும், அடுத்த வாரமே 104-ல் விழும். பந்து இன்னும் நன்றாக வளைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி, ரியாக்டிவ் ரெசின் பந்து ஒன்றும் வாங்கியிருந்தேன். என்னோடு விளையாடும் அண்ணன் ஒருவர் திரையில் என் ஸ்கோரைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஸ்ட்ரைக்கை விடு. ஓப்பன் ஃபிரேம் எத்தனைன்னு எண்ணு" என்றார். முதல் பந்திலேயே பத்துப் பின்னும் விழுந்தால் ஸ்ட்ரைக்; ஒரு ஃபிரேமின் இரண்டு பந்தையும் விட்ட பிறகும் பின் மிச்சமிருந்தால் ஓப்பன் ஃபிரேம். எண்ணினேன். பத்தில் ஆறு.

அன்று அவர் சொன்ன கணக்கை நான் மறக்கவே இல்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் முதல் பந்தில் ஒன்பது பின், இரண்டாவதில் மிச்சமிருக்கும் ஒன்று, கடைசிக் கூடுதல் பந்திலும் ஒன்பது என்று அடித்தால், ஒரு ஸ்ட்ரைக்கூட இல்லாமல் 190 வரும்; இரண்டாவது பந்தில் மிச்சத்தை விழவைக்கும் ஸ்பேருக்கு அடுத்த பந்தில் விழுபவையும் சேரும். அந்த ஒற்றைப் பின்னைப் பத்து முறையும் தவறவிட்டால் வெறும் 90.

அந்த மாதமே ஸ்பேருக்கென்று தனியாகக் கொலம்பியா 300-ன் ஒயிட் டாட் வாங்கினேன். 14 பவுண்டு, பாலியெஸ்டர் பந்து. பந்து ஓடும் தளமான லேனின் முன்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைத் தாண்டி உலர்ந்த இடத்துக்கு வந்ததும் ரியாக்டிவ் பந்து தரையைப் பிடித்துத் திரும்பும். பாலியெஸ்டர் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு நேராகவே போகும். வலக்கைக்காரர்களைப் படுத்தும், வலது மூலையில் நிற்கும் 10-ஆம் பின்னுக்கு இதுதான் மருந்து. அந்தப் பின்னின் நடுவிலிருந்து கட்டர் எனும் ஓரப் பள்ளம் மூன்று அங்குலம்கூட இல்லை. வளையும் பந்து ஒன்று பின்னுக்கு முன்பே திரும்பிவிடும், இல்லையென்றால் கட்டரில் விழும். இப்போது நான் பந்து வீச நடந்துவரும் அப்ரோச்சில் நன்றாக இடப்பக்கம் தள்ளி நின்று, லேனில் இருக்கும் நடு அம்புக்குறிக்கு மேலே குறுக்காக விடுகிறேன்.

பந்து மாறியதும் ஸ்கோர் ஏறிவிடவில்லை. முதல் மூன்று மாதம் இந்தப் பந்தும் தவறியது. காரணம் என் கை. சாதாரணமாக எண்ணெய் பூசும் முறையான ஹவுஸ் பேட்டர்னில் நடுவில் எண்ணெய் அதிகம், ஓரத்தில் குறைவு. ரியாக்டிவ் பந்தைக் கொஞ்சம் வலப்பக்கம் தவறவிட்டாலும் உலர்ந்த ஓரம் அதைத் திருப்பி உள்ளே கொண்டுவரும். இடப்பக்கம் தவறினால் எண்ணெய் அதை வளையவிடாமல் பிடித்துவைக்கும். அதாவது, என் பிழைகளை இத்தனை நாளும் லேன் திருத்திக்கொண்டிருந்தது! நேர்ப்பந்தில் அந்தச் சலுகை கிடையாது. மணிக்கட்டைத் திருப்பினால் திருப்பிய இடத்துக்குத்தான் போகும்.

பின்னாலிருந்து போனில் படம் எடுத்துப் பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, பந்தைத் தானாக ஊசலாடவிடாமல் தோள்பலத்தால் இழுத்து வீசினேன். இரண்டு, கடைசி எட்டில் அவசரப்பட்டதால் இடக்கால் சறுக்கி நிற்பதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போனது. முதல் எட்டோடு சேர்த்துப் பந்தை முன்னே நீட்டிவிட்டு, அப்புறம் அதன் எடைக்கே கையை விட்டுவிடப் பழகினேன். வேகம் குறைந்தது, குறி நிலைத்தது. என் ரியாக்டிவ் பந்தின் முதல் வீச்சும் இதனால்தான் திருந்தியது. ஸ்பேருக்காக வாங்கிய பந்து ஸ்ட்ரைக்கையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

பந்தின் விரல் துளை விஷயத்தில் கவனமாக இருங்கள். முதலில் துளையிட்ட கடையில் கட்டைவிரல் துளை பெரிதாகிவிட்டது. பந்து நழுவாமலிருக்க இறுக்கிப் பிடித்துப் பிடித்து, இரண்டு மாதத்தில் கட்டைவிரல் அடியில் வலி வந்துவிட்டது. வேறொருவரிடம் கொடுத்து அடைத்து, மறுபடி துளையிட்ட பிறகுதான் கை தளர்ந்தது. மூன்றாவது கேமுக்குள் விரல் லேசாக வீங்கிவிடும். அதனால் துளைக்குள் ஒட்டும் டேப்பை ஒன்றிரண்டு கூடுதலாக ஒட்டித் தொடங்கி, தேவைப்படும்போது ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறேன்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ரியாக்டிவ் பந்து எண்ணெயை உறிஞ்சும், அவ்வப்போது அதை வெளியே எடுக்க வேண்டும். பாலியெஸ்டருக்கு அந்த வேலை கிடையாது. ஒவ்வொரு வீச்சுக்கும் முன் துண்டால் துடைத்தால் போதும். ஆனால் முதல் பந்துக்கு இதை நான் எடுப்பதில்லை. நேராகப் போகும் எந்தப் பந்தும் முன்பின்னுக்கும் அதன் பக்கத்துப் பின்னுக்கும் இடையிலுள்ள பாக்கெட்டில் சாய்வாக நுழையாது, மூலையில் பின் நின்றுவிடும்.

இப்போது சராசரி 162. அதைவிட எனக்கு மகிழ்ச்சி, கடந்த ஒரு வருடத்தில் 135-க்குக் கீழே ஒருமுறைகூடப் போகவில்லை என்பதுதான். வியாழக்கிழமைகளில் ஒரு கேம் முழுக்க, பத்துப் பின்னும் நிற்கும்போதே 10-ஆம் பின்னை மட்டும் குறிவைத்து முதல் பந்தை விடுவேன். இரண்டாவது பந்து இடது மூலையில் இருக்கும் 7-ஆம் பின்னுக்கு. இருபது பந்தில் போன வாரம் 14 சரியாகப் போனது. தவறிய ஆறில் ஐந்து 7-ஆம் பின்னுக்கு விட்டவை. வரும் வாரம் அதற்கு நிற்கும் இடத்தை அப்ரோச் தரையின் இரண்டு பலகை அளவு வலப்பக்கம் மாற்றிப் பார்க்கப்போகிறேன்.