காஃபீன் நீக்கிய காபித்தூள்: கருத்தரிக்க முயல்வோருக்கு எந்த அளவு பயன்படும்?

குழந்தைப்பேற்றுக்கு முயலும் காலத்தில் காபியை அடியோடு விட மனமில்லாமல் நாங்கள் வாங்கிய இந்தக் காஃபீன் நீக்கிய இன்ஸ்டன்ட் காபித்தூள், சுவையில் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது. மணம்தான் சற்றுக் குறைவு.

ஆனால் உறையில் ‘கருவுறுதலுக்கு உகந்தது’ என்று அச்சிட்டிருப்பது நெருடுகிறது. நாளொன்றுக்கு ஓரிரு கோப்பை காபி கருவுறும் வாய்ப்பைக் குறைக்கும் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிகிராம் காஃபீன், அதாவது ஐந்து கோப்பை காபிக்கு மேல் அருந்துவோரிடம்தான் கருத்தரிப்புத் திறன் குறைவதோடு தொடர்பு காணப்பட்டிருக்கிறது. அதிலும் அவர்களது புகைப்பழக்கம் போன்றவற்றின் பங்கைத் தனியே பிரித்தறிவது எளிதன்று. கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் வரையிலான காஃபீன் கருவின் பாதுகாப்பு குறித்துக் கவலை தருவதில்லை என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் மதிப்பிட்டது. கரு தங்கியது தெரியவருவதற்குள்ளேயே சில வாரங்கள் கடந்துவிடும் என்பதால், அந்த வரம்பை முன்கூட்டியே கடைப்பிடிக்க விரும்புவோருக்கு இத்தூள் உண்மையிலேயே உதவும். உகந்தது என்பதைவிட, வரம்புக்குள் நிற்க உதவுவது என்று அச்சிட்டிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும்.

காஃபீன் நீக்கிய காபியிலும் கோப்பைக்குச் சில மில்லிகிராம் எஞ்சியிருக்கும். அந்த அளவை இவ்வுறை எங்கும் குறிப்பிடவில்லை. தேநீர், சாக்லேட், கோலா பானங்கள், சில வலிநிவாரண மாத்திரைகள் ஆகியவற்றிலிருந்து சேர்வதையும் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய குறை. அளவை அச்சிடும் வேறு தூள் கிடைத்தால் அதையே வாங்குவேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்கள்.