பலகை 100, பக்கத்து கார் 120: லிமிட்டரும் அடாப்டிவ் க்ரூஸும் எவ்வளவு கைகொடுக்கின்றன?

நெடுஞ்சாலைப் பலகை 100 என்கிறது. கூட வரும் வண்டிகளோ 120-இல் போகின்றன. எதைக் கேட்பது? இந்த இடத்தில் உதவுவதற்கென்றே இப்போதைய கார்களில் மூன்று வசதிகள் வருகின்றன: வைத்த வேகத்தைத் தாண்டவிடாத ஸ்பீடு லிமிட்டர், வைத்த வேகத்தில் தானே ஓட்டி முன் வண்டியோடு இடைவெளியும் விடும் அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல், வேகப் பலகையைப் படிக்கும் கேமரா. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு.

நம் மதிப்பீட்டில் முதலிடம் லிமிட்டருக்குத்தான். 100 என்று வைத்துவிட்டால் சாதாரணமாக மிதிக்கும்போது கார் அதைத் தாண்டாது. அவசரமென்றால் ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்த வேண்டும், உடனே கட்டு விட்டுவிடும். பின்னால் ஒரு வண்டி ஒட்டிக்கொண்டு வரும்போது நம் கால் நமக்கே தெரியாமல் அழுந்துமே, அதைத் தடுப்பதில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. இறக்கத்தில் மட்டும் கவனம் வேண்டும். பல மாடல்களில் லிமிட்டர் பிரேக் பிடிக்காது, ஒலி எழுப்பி எச்சரிப்பதோடு சரி.

எந்த எண்ணை வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், 10 சதவீதமும் அதோடு 4 கி.மீ.யும் வரை. அதனால் முள் 100-இல் நின்றாலும் கார் 95-இல் போய்க்கொண்டிருக்கலாம். 'எல்லாரும் நம்மை முந்துகிறார்கள்' என்ற எண்ணத்தில் ஒரு பங்கு இதனால் வருவது. சமதளமான நேர்சாலையில் வேகத்தை மாற்றாமல் அரை நிமிடம் ஓட்டி, ஜிபிஎஸ் காட்டும் எண்ணைக் கூட வருபவரைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் வித்தியாசம் தெரிந்துவிடும். பெரிய டயர் மாட்டியிருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகவும் போகலாம்.

'ஓட்டத்தோடு', அதாவது கூட வரும் வண்டிகளின் வேகத்தோடு, 'போவதே பாதுகாப்பு' என்பவர்கள் அமெரிக்காவில் 1964-இல் வெளியான ஓர் ஆய்வைத்தான் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறார்கள். சராசரி வேகத்திலிருந்து விலகிப் போகும் வண்டிகளே அதிகம் மோதுகின்றன என்றது அது. மெதுவாகப் போய் மோதியவையாக அதில் வந்த வண்டிகளில் திரும்புவதற்காக வேகம் குறைத்தவையும் கலந்திருந்தன என்ற விமர்சனம் பின்னால் எழுந்தது. வேக வித்தியாசம் ஆபத்து என்பது உண்மைதான். ஆனால் பிரேக் தூரத்தோடு பேரம் பேச முடியாது. உலர்ந்த சாலை, நல்ல பிரேக், சுதாரிக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். 100-இல் வரும் கார் சுமார் 97 மீட்டரில் நின்றுவிடும். 120-இல் வரும் கார் அதே 97-ஆவது மீட்டரைத் தொடும்போது இன்னும் 77 கி.மீ. வேகத்தில் இருக்கும். இவ்வளவுக்கும் 50 கி.மீ. பயணத்தில் மிச்சமாவது 5 நிமிடம், அதுவும் சாலை முழுக்கக் காலியாக இருந்தால்.

அதனால் ஓட்டம் வரம்புக்குக் கீழே இருந்தால், அதாவது மழையோ நெரிசலோ என்றால், ஓட்டத்தோடு போக வேண்டும். வரம்புக்கு மேலே ஓடினால் தடத்தை மாற்ற வேண்டுமே தவிர வேகத்தை அல்ல. முந்துவதற்கான தடத்தை விட்டுவிட்டு மெதுவான தடத்துக்கு வந்துவிட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

அடாப்டிவ் க்ரூஸ் உதவுவது இங்கேதான். முன் வண்டியோடு விடும் இடைவெளியை மூன்று நான்கு படிகளில் மாற்றலாம். ஒரு விநாடி இடைவெளி என்றால் 100-இல் அது வெறும் 28 மீட்டர், போதவே போதாது. அதிகபட்சப் படியிலேயே வையுங்கள். 'இடைவெளி விட்டால் நுழைந்துவிடுகிறார்களே' என்பது நியாயமான புகார். ஆனால் இரண்டு விநாடி இடைவெளியில் ஒருவர் நுழைந்தால் நமக்கு நட்டம் ஏறத்தாழ அந்த இரண்டு விநாடிதான். இருபது பேர் நுழைந்தாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதன் பெரிய பலவீனம் நிற்கும் வண்டி. முன்னால் போன கார் சட்டென்று தடம் மாறி, அதற்கு முன்னே ஒரு லாரி நின்றுகொண்டிருந்தால் பல அமைப்புகள் பிரேக் போடத் தவறும். முன்னால் இருப்பதை உணரும் ரேடாருக்கு நிற்கும் லாரியைப் போலவே பாலத்தூணும் பெயர்ப்பலகையும் அசையாப் பொருள்களாகவே தெரிவதால், அப்படிப்பட்டவற்றைக் கண்டுகொள்ளாமல் விடும்படி அமைத்திருக்கிறார்கள். கால் பிரேக்கின் பக்கமே இருக்கட்டும். இன்னொன்று, ஓட்டத்துக்காக 120 என்று வைத்துவிட்டு வெளியேறும் வளைவில் இறங்கினால், முன் வண்டி விலகியதும் கார் வளைவிலேயே வேகமெடுக்கப் பார்க்கும். வளைவுக்கு முன்பே க்ரூஸை நிறுத்திவிட வேண்டும்.

பலகை படிக்கும் கேமராவை நினைவூட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். கிளைச்சாலைக்கான 40-ஐ நமக்கென்று எடுத்துக்கொள்ளும், லாரியின் பின்புற வேக ஸ்டிக்கரையும் சில சமயம் படித்துவிடும். படித்த எண்ணைத் தானாகவே க்ரூஸுக்கு மாற்றும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். நெடுஞ்சாலையில் கார் திடீரென 40-க்கு இறங்கினால் பின்னால் வருபவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

காரை ஓட்டிப் பார்க்கும்போது இவற்றைக் கேளுங்கள்: லிமிட்டருக்குத் தனி பட்டன் உண்டா, திரையில் நான்கு பக்கம் தாண்டித் தேட வேண்டுமா? கடைசியாக வைத்த இடைவெளிப் படி, காரை அணைத்துப் போட்டாலும் நினைவில் இருக்கிறதா? ஒரு தடவை தட்டினால் வேகம் ஒன்றாக ஏறுகிறதா, பத்தாகவா? இறக்கம் கிடைத்தால் லிமிட்டரைப் போட்டு அங்கேயும் இறக்கிப் பாருங்கள்.