திட்டத்து அக்காவா, கந்தோர் மிஸ்ஸா?

தங்கை குவைத்துக்குப் போன ஏழாம் மாதம் அவளுடைய மூத்தவன் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டான். அப்போது வயது 14. காலையில் சீருடை போட்டுச் சைக்கிளில் வெளிக்கிடுவான், ஆனால் போவது குளக்கட்டுக்கு. நான் அவனுக்குப் பெரியம்மா. எங்கள் வீடு ஏ9 வீதியில் இருந்து உள்ளே 16 கிலோமீற்றர். பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. யாரிடம் போவது என்று ஒன்றரை வருடம் அலைந்து, கடைசியில் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டேன். வன்னியில் என்னைப்போல இன்னும் பல பெரியம்மாக்களும் அம்மம்மாக்களும் பிள்ளைகளை வைத்திருக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பிள்ளைக்கு ஐந்து வயதுக்குள் என்றால் யோசிக்க வேண்டாம், குடும்பநல மாதுவிடம் போங்கள். அவருக்கு எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்று தெரியும். அடி, துஷ்பிரயோகம், பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பது என்றால் 1929. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், இரவு பகல் எப்போதும் எடுக்கலாம், காசு போகாது. பள்ளிக்கூடத்தில் வழிகாட்டல் ஆசிரியர் இருந்தார், நல்ல மனுஷர். ஆனால் பள்ளிக்கே வராத பிள்ளைக்குப் பள்ளிக்குள் இருக்கிற உதவி எப்படி எட்டும்?

மிச்சம் இருந்தவை இரண்டு: ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டம், டிஎஸ் கந்தோர் என்கிற பிரதேச செயலகம்.

திட்டம்தான் முதலில் வந்தது, அதுவும் வீடு தேடி. ஒரு பிள்ளை ஸ்கூட்டியில் வருவாள். தன்னை ‘அக்கா’ என்றே கூப்பிடச் சொன்னாள். படிவம் இல்லை, வரிசை இல்லை. முற்றத்தில் இருந்து அவனோடு கரம் விளையாடுவாள். கொப்பி, புத்தகப்பை, கூட்டத்துக்குப் போனால் பஸ் காசு எல்லாம் கிடைத்தது. மூன்றாம் மாதம் அவன் அவளிடம் வாயைத் திறந்தான். தாய் கோல் எடுக்கும்போது தான் ஏன் எழும்பிப் போகிறான் என்பதை அவளுக்குத்தான் சொன்னான், எனக்கு இல்லை.

டிசம்பரில் அவள் வந்து, “இந்த மாதத்தோட எங்கட திட்டம் முடியுது அம்மா” என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கும் அன்றோடு வேலை போனது. ஆனால் பெடியன் இரண்டு மாதம் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கந்தோருக்குப் போவோம் என்று நான் சொன்னபோது கேட்டான், “இனி வாற ஆளும் போகும்தானே பெரியம்மா?”

அவன் கேட்டதில் பிழையில்லை. 2009க்குப் பிறகு மீள்குடியேறிய காலத்தில் எங்கள் ஒழுங்கையில் எத்தனை அறிவிப்புப் பலகைகள் நட்டார்கள். ஒன்று இப்போது எங்கள் ஆட்டுக்கொட்டிலுக்கு மறைப்பு. கிணறும் மலசலகூடமும் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனால் பரவாயில்லை, அவை நிற்கும். பிள்ளையின் மனதில் தொடங்கின வேலையைப் பாதியில் விட்டுப் போனால் முன்னைவிட மோசமாகிறது.

சரி, கந்தோர். அதைப் பற்றி நல்லதாகத் தொடங்க முடியாது. முதல் நாள் பிழையான மேசையில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். பிள்ளைகளுக்கென்றே அங்கே சில பேர் தனித்தனியாக இருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. துன்புறுத்தல் முறைப்பாடு என்றால் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர். படிப்பு நின்றது, பராமரிப்பு இல்லை என்றால் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்; எங்களுக்கு உதவிய மிஸ் அவர்தான். மனம்விட்டுக் கதைக்க உளவளத்துணை உத்தியோகத்தர். எல்லாக் கந்தோரிலும் எல்லாக் கதிரையிலும் ஆள் இருக்காது. அவர்கள் ஊர்களுக்குப் போகிற வெளிக்கள நாளில் போனால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். கோல் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். ஜிஎஸ்ஸின் (கிராம சேவகரின்) கடிதம், பிறப்புச் சான்றிதழ் இரண்டிலும் போட்டோக் கொப்பி இல்லாமல் போகாதீர்கள். நான் போய்ப் பட்டேன், ஒரு நாள் கூலி நட்டம்.

என்னுடைய அம்மாவுக்கு வேறு பயம். “எழுதிக் குடுத்தா பெடியனை சிறுவர் இல்லத்தில போட்டுவிடுவினம்” என்று அழுதார். அது ஒரு மேசையில் முடிகிற காரியம் இல்லை, நன்னடத்தை உத்தியோகத்தர், நீதிமன்றம் என்று போகும் என்று அந்த மிஸ்ஸே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விளங்கப்படுத்தினார்.

அவர் செய்த பெரிய வேலை அவனைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது. ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு கெட்டுவிடும் என்று பள்ளியில் தயங்கினார்கள். 2016இல் இருந்து 16 வயது வரை கட்டாயக் கல்வி; அதைக் கடிதத்தில் எழுதிக் கையொப்பம் வைத்து அனுப்ப ஒரு கந்தோரால் முடியும். ஸ்கூட்டியில் வந்த அக்கா எவ்வளவு அன்பாகக் கதைத்தாலும் அந்தக் கதவு அவளுக்குத் திறந்திருக்காது.

எட்டு மாதத்தில் அந்த மிஸ்ஸுக்கும் இடமாற்றம் வந்தது. சரி, இதுவும் அதே கதைதான் என்று நினைத்தேன். அடுத்த புதன் புது மிஸ்ஸிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அலுமாரியில் இருந்து அவனுடைய கோவையை, அதுதான் பைலை, எடுத்து, எங்களை இருத்திவைத்துவிட்டுப் பத்து நிமிடம் வாசித்தார். பிறகு நிமிர்ந்து, “தம்பி, நீர் கரம் நல்லா அடிப்பீராம்” என்றார். பழையவர் அதையும் எழுதி வைத்திருக்கிறார்! அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் திரும்பக் கண்டேன். ஆள் மாறினாலும் கோவை அங்கேயே இருந்தது. முதலில் இருந்து எல்லாவற்றையும் சொல்லி அழ வேண்டிய தேவை வரவில்லை. நான் கந்தோர் பக்கம் சாய்வதற்கு இதைவிட வேறு காரணம் எனக்கு வேண்டாம்.

ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்கும் இரண்டு தரம் போனோம். கொப்பியை எங்கள் கையிலேயே தருகிறார்கள், அது பிடித்தது. இரண்டு தடவையை வைத்து அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. உங்கள் ஊரில் இப்போது ஒரு திட்டம் நடந்தால் வேண்டாம் என்று தள்ளவும் வேண்டாம். எப்போது முடியும் என்று முதல் நாளே கேளுங்கள், அது நடக்கும்போதே கந்தோரிலும் ஒரு கோவையைத் திறந்துவிடுங்கள். கோவை இலக்கத்தை நான் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வாற சித்திரையில் அவனுக்கு 16 முடிகிறது. ஓஎல் எழுதுவானா, கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிற ஜேர்மன் தொழிற்பயிற்சிக்குத்தான் போவேன் என்று நிற்பானா என்று இன்னும் தெரியவில்லை. அவனுக்கு மோட்டார் வேலையில்தான் கண். புதன்கிழமை மிஸ்ஸிடம் கேட்க வேண்டும்.