விஷம் உறிஞ்சும் பம்ப்: 5-க்கு 1 நட்சத்திரம்

மழைக்காட்டில் தவளை படம் எடுக்கப் போகிறவன் நான். பாம்புக் கடிக்கென்று வாங்கிய இந்த மஞ்சள் பெட்டி மூன்று வருடமாக என் பையிலேயே கிடந்தது. உள்ளே ஊசிக்குழாய் மாதிரி ஒரு பம்ப், வெவ்வேறு அளவில் பிளாஸ்டிக் கிண்ணங்கள், முடி மழிக்க ஒரு ரேஸர், ஆல்கஹால் பஞ்சு. தண்டை ஒரு கையால் அழுத்தினால் போதும், கிண்ணம் தோலைக் கவ்விக்கொள்ளும். சும்மா சொல்லக் கூடாது, கவ்வுவதில் குறையே இல்லை. என் தொடையில் போட்டுப் பார்த்தபோது கன்றிப்போன வட்டம் நாலு நாள் இருந்தது.

போன மழைக்காலத்தில் தம்பி ஒரு கிளையை விலக்கினான். இலையோடு இலையாகச் சுருண்டிருந்த பச்சைக் குழிவிரியன் விரலில் போட்டுவிட்டது. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே உள்ள குழியால் உடம்புச் சூட்டை உணரும் பாம்பு. கை கிட்டே வருவது அதற்குத் தெரிந்திருக்கிறது, எங்களுக்குத்தான் அது இருப்பது தெரியவில்லை.

பெட்டியைத் திறந்தேன். விரல் மெலிசு என்பதால் சின்னக் கிண்ணம்கூட ஒழுங்காக உட்காரவில்லை. மூன்றாம் தடவை பிடித்தது. இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் நீர் ஊறியது. "வந்துடுச்சுண்ணா, விஷம் வந்துடுச்சு" என்றான். நானும் நம்பினேன். அரைமணி நேரம் அங்கேயே போனது. மோதிரத்தைக் கழற்ற வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மருத்துவமனையில் முதல் வேலையே வீங்கிய விரலிலிருந்து அந்த மோதிரத்தை வெட்டி எடுத்ததுதான். அப்புறம் 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து சாய்த்துப் பார்த்தார் டாக்டர். உறைந்திருந்தது, அதாவது ரத்தம் உறைவதை விஷம் கெடுக்கவில்லை. வீக்கம் முடிகிற இடத்தில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதினார். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்குத்தானாம், குழிவிரியன் அதில் இல்லையாம். அதனால் வலிக்கு மருந்து கொடுத்து, கையைத் தூக்கி வைத்து, ரத்தத்தையும் சிறுநீரையும் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். கோடு முழங்கையைத் தாண்டவில்லை. மறுநாள் மாலை வீட்டுக்கு வந்தோம்.

பம்பைக் காட்டியதும் டாக்டர் சிரிக்கவில்லை, கிண்ணம் பட்ட இடத்தில் எழும்பியிருந்த கொப்புளத்தைத்தான் காட்டினார். உறிஞ்சி எடுத்தது ரத்தமும் நிணநீரும், விஷம் இல்லை என்றார். பிறகு தேடிப் படித்தேன். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், மனிதர்களின் காலில் போலி விஷத்தை ஏற்றி இப்படிப்பட்ட பம்பால் உறிஞ்சியிருக்கிறார்கள். வெளியே வந்தது 0.04 சதவீதம்!

அந்த ஒரு நட்சத்திரமும் பெட்டிக்குத்தான். மூடி இறுக்கம், தண்ணீர் புகாது. பம்பை வீசிவிட்டு, கையை அசையாமல் கட்டத் தொங்கல் துணியும் நேரம் குறிக்க ஒரு மார்க்கர் பேனாவும் போட்டு வைத்திருக்கிறேன். மிச்சமிருந்த ஆல்கஹால் பஞ்சு கேமராப் பிடியைத் துடைக்க ஆகிறது.